ஒரே ஆறு, பல படித்துறைகள்



அயல்நாட்டுப் பிள்ளைகள் எழுதிய நீலநிற விமானத் தபால்களைக் கம்பியில் கோத்து உத்திரத்தில் மாட்டிவைக்கும் வழக்கம் முன்பு நம் பாளையங்கோட்டை இல்லங்களில் இருந்தது. எவரும் உருவி எடுக்காதவரை கடிதம் அங்கேயே இருக்கும். கைப்பேசிக்கு வரும் மின்னஞ்சல் அத்தகையதன்று என்பதை நான் பட்டே அறிந்தேன்.

குவைத்திலிருந்து என் தம்பி பல்லாண்டுகள் எழுதிய மடல்கள் என் கைப்பேசியில் இருந்தன. 'இடம் நிரம்பிவிட்டது' என்ற எச்சரிக்கை வந்ததும், வீட்டுக் கணினியில்தான் இன்னொரு படி இருக்கிறதே என்றெண்ணி அனைத்தையும் அழித்தேன். இரண்டு மாதங்கள் கழிந்தபின், தாயாரின் அடக்கத்திற்கு வர இயலாத நாளில் அவன் எழுதியிருந்த மடலைத் தேடிக் கணினியைத் திறந்தேன். அங்கும் இல்லை. அவன் எழுதியதோ பணியிடத்தார் கொடுத்த முகவரியிலிருந்து. வேலை முடிந்ததும் அந்தப் பெட்டியும் மூடப்பட்டுவிட்டது.

நிகழ்ந்தது என்ன? நம் தாமிரபரணியைக் கொண்டே விளக்கலாம். ஆற்றுநீரைக் குடத்தில் மொண்டு வீட்டுக்குக் கொணர்வது ஒரு முறை. 'பாப்' என்னும் பழைய ஏற்பாடு அத்தகையது. மடல் நம் கருவிக்கு இறங்கிவிடும், அஞ்சல் நிறுவனத்தின் கணினியில் பெரும்பாலும் மிச்சம் இராது. மற்றொன்று 'ஐமேப்'. 1986-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிஸ்பின் என்பவர் வகுத்தது. இதில் மடல்கள் நிறுவனத்தின் கணினியிலேயே தங்கும். கைப்பேசியும் வீட்டுக் கணினியும் வெவ்வேறு படித்துறைகள், ஆறு ஒன்றே. இன்றைய கைப்பேசிகள் பெரும்பாலும் இவ்வகையிலேயே இயங்குகின்றன. ஆகவே ஒரு துறையில் அழித்தது எல்லாத் துறையிலும் அழிந்தது. நான் படி என்று நம்பியது படியே அன்று. (இத்தகைய அஞ்சற்பெட்டிகளை நடத்தும் ஜோஹோ நிறுவனத்திற்கு நம் தென்காசியை அடுத்த மத்தளம்பாறையிலும் அலுவலகம் உண்டு. பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், இவையெல்லாம் எங்கோ கடலுக்கு அப்பால் மட்டும் நடப்பவை அல்ல.)

ஜிமெயிலில் அழித்த மடல் 30 நாட்கள் குப்பைத்தொட்டியில் கிடக்கும், அதற்குள் மீட்கலாம். நான் இரண்டு மாதம் தாமதித்தேன். கண்ணெதிரே குவியாதிருக்க வேண்டுமாயின், அழிப்பதற்குப் பதிலாகக் 'காப்பகப்படுத்து' என்பதைத் தொடுங்கள். மடல் முகப்பிலிருந்து விலகுமேயன்றி மறையாது. இடநெருக்கடிக்கும் மடல்கள் பெரும்பாலும் காரணமல்ல. கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி இடத்தை மடல்களோடு நிழற்படங்களும் காணொளிகளும் பகிர்ந்துகொள்கின்றன. திருமண வீட்டுக் காணொளி ஒன்றை அகற்றினால், ஆயிரக்கணக்கான மடல்களுக்கு இடம் கிடைக்கும்.

காரையாறு போன்ற மலைப்பகுதிக்குச் சென்று, அலைத்தொடர்பு இல்லாதபோது பழைய மடல் தென்படவில்லையெனில் அஞ்ச வேண்டாம். ஆண்ட்ராய்டு கைப்பேசியின் ஜிமெயில் செயலி வழக்கமாக அண்மைய 30 நாள் மடல்களையே தன்னிடம் இறக்கி வைத்திருக்கும். அமைப்புகளில் அந்த எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளலாம்.

இன்னொன்று. இரண்டு ஆண்டுகள் எவரும் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கக்கூடும் என்று கூகுள் 2023-இல் அறிவித்தது. மறைந்துபோன பெற்றோரின் மடல்களை இனித்தான் வாசிக்க வேண்டும் என்று தள்ளிப்போட்டிருப்போர் நம்மிடையே இருக்கக்கூடும். காக்க வேண்டிய மடல்களை இந்த வாரமே அச்செடுத்துவிடுங்கள். அந்தப் பழைய கம்பி எங்கள் வீட்டு உத்திரத்தில் இன்னும் தொங்குகிறது. தம்பியின் எஞ்சிய மடல்களை அதில்தான் கோத்திருக்கிறேன்.