சான்றிதழ் கிடைத்துவிட்டது, தங்குவது எங்கே?

"மூன்று மாதப் பயிற்சி, முடித்ததும் வேலை." சென்னையின் ஏழைக் குடும்பங்களுக்கு இத்தகைய அறிவிப்புகள் பெரும் நம்பிக்கை தருகின்றன. ஆனால் வேலை எந்த ஊரில், அங்கே தங்குவது எங்கே என்பதைப் பலரும் சேர்ந்த பிறகே யோசிக்கிறார்கள்.

மத்திய அரசின் பிரதம மந்திரி கௌஷல் விகாஸ் யோஜனா 2015-இல் தொடங்கியது. 2021-22 வரையிலான முதல் மூன்று கட்டங்களில், குறுகிய காலப் பயிற்சி முடித்தவர்களுக்கு வேலை கிடைத்ததா என்று கண்காணித்தார்கள். நான்காம் கட்டத்தில் அது இல்லை. பயிற்சி பெற்றவரே தம் பாதையைத் தேர்ந்துகொள்ளட்டும் என்பது அரசின் விளக்கம். வேலை கிடைத்ததா என்பதையே பார்க்காதபோது, வேலைக்காக அவர் எங்கே குடியேறினார் என்பதை யார் பார்ப்பது?

சென்னையில் இந்தக் கேள்வி முக்கியமானது. நகருக்குள்ளிருந்து அகற்றப்பட்ட ஏழைகள் தெற்கே கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் குடியமர்த்தப்பட்டார்கள். பெரிய தொழிற்சாலைகளோ மேற்கே ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் இருக்கின்றன. இரவு ஷிப்ட் முடித்துத் தினமும் வீடு திரும்புவது எளிதல்ல. ஒப்பந்த வேலையை நம்பி வீட்டைக் காலி செய்யவும் முடியாது. எனவே குடும்பம் ஓரிடத்தில் இருக்க, வேலைக்குப் போகிறவர் விடுதியில் ஒரு கட்டிலுக்கு வாடகை கொடுக்கிறார். அதுவும் இயலாதவர், கற்ற தொழிலை விட்டுவிட்டு வீட்டருகே கடை வேலைக்கோ டெலிவரி வேலைக்கோ போகிறார்.

விடுதி என்பது சில்லறை விஷயமல்ல. 2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கிய விடுதியில் உணவு நஞ்சானதால் நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். சக தொழிலாளர்கள் சாலை மறியல் செய்தார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பைத் தமிழக அரசு திறந்தது. வேலையோடு வசிப்பிடமும் சேர்ந்ததே வாழ்வாதாரம் என்பதை அரசே ஒப்புக்கொண்டதாக இதைக் கொள்ளலாம். ஆனால் அது பெரிய ஆலைகளை ஒட்டிய ஏற்பாடு. சிறு நிறுவனங்களுக்குப் போகிறவர்களுக்கு அந்த வசதி எங்கே?

நம் வீடுகளில் பெண் பிள்ளைகள் பயிற்சி முடித்தும் வேலைக்குப் போகாமல் நின்றுவிடுவதற்கு, "எங்கே தங்குவாள்?" என்ற பெற்றோரின் அச்சமும் ஒரு காரணம். அச்சம் நியாயமானதே. அதற்காகப் பிள்ளையைத் தடுப்பதைவிட, சேரும் முன்பே விசாரிப்பது நல்லது. ஆலை எங்கே, கம்பெனி பஸ் எதுவரை வரும், விடுதியை நடத்துவது யார், பிடித்தம் போகக் கையில் எவ்வளவு? இவற்றுக்குப் பதில் சொல்லாத நிலையத்துக்குப் பிள்ளைகளை அனுப்பத் தயங்கலாம். ஜமாஅத்கள் முகாம் நடத்தும்போதும் இதே கேள்விகளைக் கேட்கட்டும். சான்றிதழ் வழங்கும் விழாவோடு நம் பொறுப்பு முடிந்துவிடாது.