இந்து ரூபசிங்கத்தின் முப்பது வருடக் கணக்கு

பிரித்தானியத் தேசிய நாடக அரங்கின் இயக்குநராக இந்து ரூபசிங்கம் நியமிக்கப்பட்ட செய்தி 2023 டிசம்பரில் வந்தபோது, எங்கள் வட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றிலும் அந்தப் படம்தான். 'எங்கட பிள்ளை' என்று எழுதினோம். 1963இல் லோரன்ஸ் ஒலிவியே தொடக்கிவைத்த அரங்கின் ஏழாவது இயக்குநர் அவர். முதற் பெண்ணும் வெள்ளையரல்லாத முதல் ஆளும் அவரே. 2025 வசந்தத்தில் பொறுப்பேற்றுவிட்டார். வாழ்த்துச் சொல்லி முடித்துவிட்டோம். இனி அவர் வந்த வழியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

ஒன்றை முதலிலே சொல்லவேண்டும். இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு 1970இல் ஷெஃபீல்டில் பிறந்தவர் இந்து. எங்களைப் போல அகதி மனுப் போட்டு, முறையீட்டுக்குக் காத்திருந்து வந்த தலைமுறையின் பிள்ளை அல்ல. ஹல் பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்தார். அந்த நாளில் எங்கள் வீடொன்றில் ஒரு பிள்ளை அப்படிக் கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எங்களுக்கே தெரியும்.

கணக்காளர் வேலையில் படிகள் உண்டு. இத்தனை பாடம், இத்தனை வருட அனுபவம், பிறகு இன்ன சம்பளம். நாடக இயக்குநருக்கு அப்படி ஒரு படியும் இல்லை. ஒரு நாடகத்துக்கு ஒப்பந்தம், சில வார ஒத்திகை, ஒரு தொகை. நாடகம் மேடையேறிய மறுநாள் அவருக்கு வேலை இல்லை. அடுத்த அழைப்பு வருமட்டும் வாடகையை யார் கட்டுவது? இந்தத் துறை வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளின் துறையாக இருப்பதற்கு இதுவே பெரிய காரணம். இந்துவுக்குக் கதவைத் திறந்தது கலை மன்றத்தின் பயிற்சி உதவித்தொகை, அதாவது பொதுப்பணம். அந்த உதவியில்தான் கிழக்கு லண்டனில் ஸ்ட்ராட்ஃபர்ட் தியேட்டர் ரோயலில் பயிற்சி பெற்றார், மைக் லீயிடம் உதவியாளராக நின்றார். கலைக்கான மானியம் வெட்டப்படும்போது 'எங்களுக்கென்ன' என்று நாங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். வெட்டு முதலில் விழுவது இப்படியான சின்னத் தொகைகளில்தான்.

பிறகு ஏறத்தாழ இருபது வருடம் அரங்கம் அரங்கமாக ஒப்பந்த வேலை. 2012இல்தான், நாற்பது கடந்தபின், கில்பர்னில் முந்நூறு இருக்கைகூட இல்லாத ட்ரைசைக்கிள் அரங்கு அவர் கைக்கு வந்தது. பொறுப்பேற்றபின் அங்கே அவர் இயக்கிய முதல் நாடகம் 'ரெட் வெல்வெட்'. 1833இல் லண்டன் கொவன்ட் கார்டனில் ஒதெல்லோவாக நடித்த கறுப்பின நடிகர் ஐரா ஆல்ட்ரிட்ஜ் பற்றி லொலிட்டா சக்கரவர்த்தி எழுதியது. அது நியூயோர்க் வரை போனது. திருத்த வேலைகளுக்காக மூடியிருந்த அரங்கை 2018இல் 'கில்ன்' என்ற புதுப் பெயரோடு திறந்தபோது, பழைய பெயரைத் திருப்பிக் கொடு என்று அயலவர்கள் பதாகை பிடித்தார்கள். அவர் பெயரை மாற்றவில்லை. சரியோ பிழையோ, பெரிய கட்டடமொன்றை நடத்தப்போகிறவருக்கு அந்த அனுபவமும் தேவைப்பட்டிருக்கும்.

எங்களுக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு வரவு. சென்னை எழுத்தாளர் அனுபமா சந்திரசேகரின் 'ஃப்ரீ அவுட்கோயிங்' நாடகத்தை 2007இல் ரோயல் கோர்ட்டில் இயக்கியவர் இந்து. 2022இல் அதே அனுபமா காந்தியைச் சுட்ட கோட்சேயைப் பற்றி எழுதிய நாடகத்தை, தேசிய அரங்கின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்ட ஒலிவியே மேடையில் இயக்கினார். இரண்டுக்கும் நடுவே 15 வருடம். எந்த வங்கியும் இவ்வளவு காலம் பொறுத்திருக்காது.

இப்போது அவர் பார்ப்பது கலை வேலை மட்டுமல்ல. கேட் வாராவோடு சேர்ந்து இணைத் தலைமை நிர்வாகியும் அவர்தான். மானியம் இறுகிய காலத்தில் மூன்று மேடைகளை நிரப்பவேண்டும். தோற்றால், அந்த முதற் பெண், அந்த நிறம் என்பதெல்லாம் காரணமாகச் சொல்லப்படும். முன்னிருந்த ஆறு பேருக்கும் அந்தச் சுமை இருக்கவில்லை. அந்த நேரத்தில் 'எங்கட பிள்ளை' என்று எழுத எத்தனை பேர் இருப்போம்?

அவருடைய முப்பது வருடத்தில் நாங்கள் எத்தனை டிக்கெட் வாங்கினோம் என்று வீட்டில் எண்ணிப் பார்த்தோம். ஒன்றும் இல்லை. பிள்ளைகளின் அரங்கேற்றத்துக்கு மண்டபம் பிடித்தோம், ஆயிரக்கணக்கில் செலவழித்தோம். ஆனால் எங்கள் மகள் பதினாறு வயதில் ஏ லெவலுக்கு நாடகம் என்று எழுதிக்கொண்டு வந்தபோது, அதை வெட்டிப் பொருளியல் என்று எழுதியது நாங்கள். இன்று அவளும் கணக்காளர். நல்ல சம்பளம். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

2025 இலையுதிர் காலத்தில் இந்துவின் முதற் பருவத்து 'ஹம்லெட்' பார்க்க நால்வராகப் போனோம். ஹம்லெட்டாக நடித்தவர் கொழும்பில் பிறந்த ஹிரான் அபேசேகர. டிக்கெட்டை மகள்தான் எடுத்திருந்தாள். வாட்டர்லூவில் ரயில் ஏறியதிலிருந்து வீடு வரும்வரை நாடகத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். அந்த ஏ லெவல் கதையை அவளும் எடுக்கவில்லை, நாங்களும் எடுக்கவில்லை.