பல்லைப் பிடிச்சுப் பார்த்து ராட்செட் வாங்காதீங்கோ

போன எபிசோட்டின் கடைசியில ஸ்விவல் ஹெட் ராட்செட் பற்றி ரெண்டு நிமிசம் கதைச்சன். அதுக்குப் பிறகு வந்த மெசேஜ் எல்லாத்திலயும் ஒரே கேள்வி: "அண்ணா, எத்தனை பல்லு வாங்கிறது?" கேள்வியே பிழை எண்டதுதான் என்ர எண்ணம்.

தெரியாத ஆக்களுக்கு: ராட்செட் எண்டா, சாக்கெட்டைக் கழட்டாமலே முன்னும் பின்னும் ஆட்டி போல்ட்டைத் திருப்புற பிடி. 1863இலேயே அமெரிக்காவில ஒருத்தர் இதுக்குக் காப்புரிமை எடுத்திட்டார், புது விசயம் இல்லை. ஸ்விவல் ஹெட்டில கழுத்துக்கிட்ட ஒரு மூட்டு இருக்கும், தலை சாயும். கடையில இதுக்கே ஃப்ளெக்ஸ் ஹெட் எண்டும் போட்டிருப்பாங்கள்.

மூட்டு எதுக்கு எண்டு எங்கட எஸ்டிமாதான் எனக்குப் படிப்பிச்சது. ஓக்லாந்தில பாதித் தமிழ்க் குடும்பங்கள் ஒருகாலத்தில அந்த வானிலதானே கோயிலுக்குப் போனது! 3.5 லீட்டர் வி6 எஞ்சின். முன்பக்க மூண்டு ஸ்பார்க் பிளக்கும் சுகமா வரும். பின்பக்க மூண்டுக்கும் மேல இருக்கிற இன்டேக் பெட்டியைக் கழட்டவேணும். அதின்ர பின் போல்ட்டுகள் கண்ணாடிக்குக் கீழ இருக்கிற சுவரோட ஒட்டி ஒளிஞ்சு நிக்கும். மவுண்ட் ரோஸ்கில் வீட்டு டிரைவ்வேயில நானும் அப்பாவும் நேர் ராட்செட்டோட ஒரு மத்தியானம் முழுக்கப் போராடினம். பிறகு ஒரு ஸ்விவல் ஹெட் வாங்கி வந்தன். பத்து நிமிச வேலை.

அதில வந்த திமிரிலதான் அடுத்த கிழமை மாட்டுப்பட்டன். பிரேக் கலிப்பரின்ர பின்னால இருக்கிற இறுகின போல்ட்டுக்கு அதே ராட்செட்டைப் போட்டு, தலையைச் சாய்ச்சு, பிடியில ஒரு பைப்பையும் கொழுவி இழுத்தன். சாக்கெட் வழுக்கிச்சு. போல்ட்டின்ர மூலையெல்லாம் மழுங்கி வட்டமாப் போச்சு. "அவசரப்படாதை எண்டு சொன்னனான் தானே, தம்பி" எண்டார் அப்பா. கடைசியில சின்ன சைஸ் சாக்கெட் ஒண்டைச் சுத்தியலால அடிச்சு ஏத்தித்தான் கழட்டினது.

கணக்குச் சின்னது. 250 மில்லிமீட்டர் பிடியை 45 பாகை சாய்ச்சா, அது போல்ட்டைத் திருப்பிறதுக்கு 177 மில்லிமீட்டர் பிடி மாதிரித்தான். மிச்சப் பலம் வீணாப் போகேல்லை. அது சாக்கெட்டை போல்ட்டின்ர தலையில இருந்து சரிக்கப் பார்க்குது, கூடவே மூட்டையும் தின்னுது. ஆகவே ஸ்விவல் ஹெட் எட்டாத இடத்தை எட்டத்தான். இறுகினதை உடைக்க நீளமான பிரேக்கர் பார் ஒண்டு தனியா வேணும். அது மலிவு, உள்ளுக்குப் பல்லே இல்லை.

சரி, பல்லு. 72 பல்லு எண்டா ஒரு கிளிக்குக்கு 5 பாகை, 90 எண்டா 4, 120 எண்டா 3. கியர்ரென்ச் கம்பனியின்ர 120இல உள்ளுக்கு இருக்கிறது 60 பல்லுத்தான். ரெண்டு நாக்கு மாறி மாறிக் கொழுவுறதால 120 எண்டு கணக்கு. கெட்டித்தனமான யோசனைதான், குறை சொல்லேல்லை. ஆனா பிடியின்ர நுனியில 5 பாகை கிட்டத்தட்ட 22 மில்லிமீட்டர், 3 பாகை 13. ஒரு சுண்டுவிரல் தடிப்பும் இல்லாத வித்தியாசம். அது உயிர்காக்கிற இடங்கள் இருக்கு, ஆனா குறைவு.

நான் கடையில பார்க்கிறது வேற. சாக்கெட் கொழுவுற சதுரத்தை ரெண்டு விரலால மெல்லமாப் பிடிச்சுக்கொண்டு பிடியைப் பின்னுக்குக் கொண்டுபோங்கோ. சதுரமும் கூடவே சுத்தினா அதை வைச்சிட்டு வாங்கோ. லூசான போல்ட்டில போட்டா, முன்னுக்குத் திருப்பினதைப் பின்னுக்கு வரேக்க திரும்ப இறுக்கிப்போடும். அடுத்தது, மூட்டு பட்டனால பூட்டுப்படுதோ எண்டு பாருங்கோ. பூட்டில்லாத மூட்டு பழசானா தொங்கும். இருட்டில, ஒரு கையால, தலை தொங்குற ராட்செட்டைப் பிடிச்சுப் பாருங்கோ, விசர் வரும்.

இவ்வளவும் எழுதினது உண்மையில என்ர மச்சானுக்காக. தெற்கு ஓக்லாந்தில ஒரு கராஜில முதல் வருச அப்ரென்டிஸ். கிழமைக்கு ஒருக்கா டூல் வேன் வரும், கடனுக்குக் குடுப்பாங்கள், சம்பளத்தில இருந்து கிழமைக் கிழமை கட்டவேணும். அப்பிடி ஒரு பளபளக்கிற ஸ்விவல் ஹெட் வாங்கி மாசக்கணக்காக் கட்டுறான். மாமிக்கு இன்னும் தெரியாது. ஒரு நாளைக்கு நாப்பது தரம் அதைத் தூக்கிற மெக்கானிக்குக்கு அந்த விலை சரிவரும், வேன் வாசலுக்கே வந்து மாத்திக் குடுக்கிறதும் அவருக்குப் பெறுமதி. முதல் வருசக்காரனுக்கு அது தேவையில்லாத கடன். அவனுக்கு இப்ப வேண்டியது 3/8 அங்குலம், 72 பல்லு, பூட்டுற மூட்டு, ரிப்பேர் கிட் கிடைக்கிற நடுத்தர பிராண்ட்.

வீட்டுப் பாவனைக்கு வாங்கிற எங்களுக்கு இன்னொண்டு. "லைஃப்டைம் வாரண்டி" எண்ட ஸ்டிக்கருக்காகக் காசு கூடக் குடுக்காதீங்கோ. 1993ஆம் ஆண்டு நுகர்வோர் உத்தரவாதச் சட்டப்படி, சாமான் நியாயமான காலத்துக்கு நிண்டு பிடிக்கவேணும். ரசீதைப் போனில ஒரு படம் எடுத்து வையுங்கோ.

மச்சான் சனிக்கிழமை வாறான், அவன்ர வானுக்கு பிளக் மாத்த. அந்தப் பளபளப்பையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறன், பின் போல்ட்டில ரெண்டையும் போட்டுப் பார்ப்பம். அடுத்த கிழமை டார்க் ரென்ச். கேள்வியை அனுப்புங்கோ, பல்லை மட்டும் கேக்காதீங்கோ.