அச்சகத்துக்கும் காற்று வேண்டும்

வயலில் மருந்தடிக்கும் கமக்காரன் காற்றின் திசை பார்த்து நிற்பான். அடைத்த அறையில் அச்சு உருளை கழுவும் தொழிலாளிக்கோ பார்ப்பதற்குத் திசையுமில்லை, தப்புவதற்கு வழியுமில்லை.

ஜப்பானின் ஒசாகா நகரில், காற்றோட்டமற்ற அச்சகமொன்றின் தொழிலாளர் 17 பேரைப் பித்தநாளப் புற்றுநோய் பீடித்தது. 2012இல் உலகறிந்த அக்கொடுமைக்குக் காரணமானது, மசி துடைத்த கரைப்பானிலிருந்த டைகுளோரோபுரோப்பேன். அது புற்றுநோய்க் காரணியே என 2014இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் தீர்மானித்தது.

இலங்கையிலே 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் காற்றோட்டத்தைக் கட்டாயமாக்குகிறது. அச்சட்டம் ஏட்டில் உறங்கலாகாது. தொழில் திணைக்களப் பரிசோதகர் கல்முனை அச்சகங்களின் பின்னறைக்கும் வருதல் வேண்டும். தேர்தல் தோறும் இரவிரவாகத் துண்டுப்பிரசுரம் அச்சிடுவிக்கும் நாமே அதை முதலிற் கோரக் கடமைப்பட்டவர்கள்.