வீடு கிடைத்தாற் போதுமா?

நாய்க்கு வீடு தேடி அலைந்த கதையை இலக்கியப் பக்கத்தில் எழுதுவதா என்று முகஞ் சுளிக்கும் அன்பர்கள் இருக்கலாம். ஐரோப்பிய இலக்கியத்தின் தலைவாயிலில் நிற்கும் ஹோமரே தமது 'ஒடிசி' காவியத்தில் ஒரு நாய்க்கு இடங் கொடுத்திருக்கிறார் என்பதை அவர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். இருபது ஆண்டுகள் கழித்து மாறுவேடத்தில் ஊர் திரும்பிய ஒடிசியஸ் மன்னனை, அவன் சொல்லாமலே இனங்கண்டுகொண்ட முதல் உயிர் அவன் வளர்த்த ஆர்கொஸ் என்னும் நாய்தான். அது அரண்மனை வாயிலிற் சாணக் குவியலின் மேல், உடலெங்கும் உண்ணி மொய்க்கக் கிடந்தது. எழுந்து வர வலுவில்லை. வாலை மட்டும் ஆட்டிவிட்டு உயிர் நீத்தது. மன்னன் பிறர் அறியாமற் கண்ணீரைத் துடைத்துக்கொண்டான்.

அந்த நாயை எவரும் அடித்ததாக ஹோமர் கூறவில்லை. எசமான் கடல் கடந்து போனான், வீட்டில் இருந்தவர்கள் கவனியாது விட்டார்கள், அவ்வளவுதான்.

இக்காட்சியைக் காண யாழ்ப்பாணத்தவராகிய நாம் கிரேக்க நாடுவரை போக வேண்டியதில்லை. எங்கள் ஒழுங்கையின் முடிவிற் பூட்டிய வீடொன்று இருக்கிறது. வீட்டார் வெளிநாடு சென்று ஓராண்டுக்கு மேலாகிறது. புறப்படுமுன் மதிலுக்கு வர்ணம் பூசினார்கள். வளவைத் துப்புரவாக்க ஆள் ஒழுங்கு செய்தார்கள். கிணற்று மோட்டரையும் கழற்றிப் பத்திரப்படுத்தினார்கள். நாய்க்கு மட்டும் ஓர் ஒழுங்கும் செய்யவில்லை. அயலவர்கள் சோறு வைப்பார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. நாங்களும் வைத்தோம்; சில நாள் வைத்தோம், பல நாள் மறந்தோம். மறந்தவர்களில் நானும் ஒருவன். மாரி வந்தபோது அந்தப் பெட்டை நாய் சொறி பிடித்து, மயிர் உதிர்ந்து, விலா எலும்பு தெரிய அதே படலையடியிற் படுத்திருந்தது. வேறெங்கும் போகவில்லை.

1995 ஒக்டோபர் முடிவில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவிற் புறப்பட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தபோதும் நாய்கள் வீடுகளில் விடப்பட்டன. அது கையறு நிலை. குழந்தையைத் தூக்கவே கை போதாத நேரத்தில் எவர்மீதும் குற்றஞ் சொல்ல இயலாது. ஆனால், விமானச் சீட்டுக்கு மாதக்கணக்கிற் காத்திருப்பவருக்கு அந்தச் சமாதானம் பொருந்துமா?

நாயை என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மிருக வைத்தியர் ஊசி போட்டார். சொறிக்கு மருந்து தந்தார். விசர்நாய்த் தடுப்பூசியும் ஏற்றினார். இரண்டு மாதத்தில் மயிர் முளைத்தது. என் மனைவிக்குத் தொய்வு நோய் உள்ளதால் நிரந்தரமாக வைத்திருக்க வழியில்லை. ஆகவே வீடு தேடத் தொடங்கினேன். காப்பாற்றுதல் எளிது, கையளித்தலே கடினம் என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

முதலில் வந்தவர் காவலுக்கு நாய் தேடியவர். கோடிப்புறத்திற் கட்டிவைக்கச் சங்கிலியும் கையோடு கொண்டுவந்திருந்தார். இரவில் மட்டும் அவிழ்த்துவிடுவதாகச் சொன்னார். அடுத்து வந்த குடும்பத்தாருக்கு நாயைப் பிடித்துக்கொண்டது. பெட்டை என்று அறிந்ததும் தயங்கினார்கள். கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்து தருவதாகச் சொன்னேன். எனினும் "பெட்டை வேண்டாம் மாஸ்டர்" என்று போய்விட்டார்கள். சந்தையடியிலும் கோயில் வீதியிலும் பெட்டைக் குட்டிகளைச் சாக்கிற் கட்டிக் கொண்டுவந்து விடும் வழக்கத்தின் வேர் இந்தத் தயக்கத்தில் இருக்கிறது.

மூன்றாவதாக வந்தவர் சந்தியிற் சைக்கிள் திருத்துபவர். இருவரும் கேட்டவற்றில் ஒன்றையும் அவர் கேட்கவில்லை. நாயின் முன் குந்தியிருந்து, சற்று நேரம் பார்த்துவிட்டு, "மாஸ்டர், இது எதுக்குப் பயப்பிடும்?" என்றார். வெடிச்சத்தத்துக்கும் தும்புத்தடிக்கும் என்றேன். "அப்ப தும்புத்தடியை உள்ளுக்கை வைக்கச் சொல்லவேணும்" என்றார். நான் வேறொன்றும் விசாரிக்கவில்லை.

முதல் வாரத்தில் அது இருமுறை பழைய படலையடிக்கே ஓடிப்போய்விட்டது. இருமுறையும் அவர் கடையைப் பூட்டிவிட்டு வந்து, அதன் அருகில் இருந்து, அதுவாக எழும்பும்வரை காத்திருந்து கூட்டிச் சென்றார்.

இதிலிருந்து நான் கற்றதைச் சொல்லிவிடுகிறேன். கைவிடப்பட்ட நாய்க்கு இரக்கம் ஒரு நாள் உணவு. பொறுப்போ பத்துப் பன்னிரண்டு ஆண்டுக் கடமை. முதலிற் கை நீட்டுபவரிடம் ஒப்படைத்துவிட்டுப் புண்ணியந் தேடியதாக எண்ணுவது, படலையடியில் விட்டுச் சென்றவர் செய்ததையே சற்று நாகரிகமாகச் செய்வதாகும். நாயால் தமக்கு என்ன பயன் என்று கேட்பவரிடமன்றி, நாய்க்கு என்ன தேவை என்று கேட்பவரிடமே அதைக் கொடுக்கவேண்டும். கொடுத்த பின்னும் போய்ப் பார்க்கவேண்டும்.

சட்டம் இதைச் செய்யாது. 1907இல் அந்நியர் ஆட்சியில் இயற்றப்பட்ட மிருகவதைத் தடைச் சட்டம் கொடுமைக்கு விதித்த ஆகக்கூடிய தண்டம் நூறு ரூபா. தெருநாய்களைக் கொல்லும் வழக்கத்தை அரசு 2006இற் கைவிட்டது, வரவேற்கவேண்டிய செயல். ஆனால், கொல்லாமை வேறு, வாழவைத்தல் வேறு. இரண்டாவது நம் வீட்டு வாசலில் இருக்கும் பணி.

நம் வகுப்பறைகளில் மகாபாரதக் கதை சொல்லாத ஆசிரியர் இல்லை. நாயை விட்டுவிட்டுத் தேரேறும்படி இந்திரன் அழைத்தபோது, தன்னை நம்பி வந்ததைக் கைவிட்டுக் கிடைக்கும் சுவர்க்கம் வேண்டாம் என்றான் தருமன். அக்கதையைக் கேட்டுப் பரீட்சையில் விடை எழுதிய மாணவர்களே இன்று விமானம் ஏறுகிறார்கள். அவர்கள் நாயையும் கொண்டுபோக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கிணற்று மோட்டரைக் கழற்றுவதற்கு முன், ஒரு நல்ல மனிதரைத் தேடி அதைக் கையளித்துவிட்டுப் போகட்டும் என்றுதான் கேட்கிறேன். தேடினாற் கிடைப்பார். எங்கள் சந்தியில் ஒருவர் இருந்தார்.