ஓய்வுநேரக் கைவினை: பேனை கடைவோர் முதலிற் செய்யும் பிழைகள்

மரத்திற் பேனை கடைதல் இன்று பல நாடுகளிலும் விரும்பிப் பயிலப்படும் கைவினையாகும். ஒரு சாண் மரத்துண்டும், சிறியதொரு கடைச்சற்பொறியும், பேனை உறுப்புகள் அடங்கிய தொகுதியும் இருந்தால் ஓரிரு நாட்களில் எழுதத்தக்க பேனையொன்று கைக்கு வந்துவிடும். இதனால் எளிய வேலையென்று எண்ணிப் பலர் இதில் இறங்குகின்றனர். முதலிரண்டு பேனைகள் பிளந்ததும் தமது கைப்பழக்கத்தை நொந்துகொள்கின்றனர். ஆயினும், பெரும்பாலான பிழைகள் மரம் பொறியில் ஏறுமுன்னரே நேர்ந்துவிடுகின்றன.

இதன் காரணத்தை அறியப் பேனையின் அமைப்பை அறிதல் வேண்டும். மரப்பேனை என நாம் அழைப்பது உள்ளபடி ஒரு பித்தளைக் குழாயே. மரம் அதன்மேற் போர்த்த தோல். புதியவர்கள் பெரிதும் கையாளும் மெல்லிய திருகுபேனையில் குழாயின் விட்டம் 7 மில்லிமீற்றர். கடைந்து முடித்தபின் அதன் முனைகளில் எஞ்சும் மரத்தின் தடிப்போ ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. இத்துணை மெல்லிய தோலின் அடியிற் பசை படாத இடம் சிறிது இருந்தாலும், உளி பட்டவுடன் மரம் சில்லாகப் பெயர்ந்துவிடும்.

ஆதலின், முதற்கவனம் மரத்தைத் தெரிவதில் வேண்டும். வளவில் வெட்டிய பச்சை மரத்தை உடனே கடைந்தால் பேனை அழகாகவே தோன்றும். ஆனால், மரம் உலர உலரச் சுருங்கும். உள்ளிருக்கும் பித்தளை அதனோடு சுருங்காது. சில காலத்தின் பின் மரம் வெடிக்கும். அன்போடு பரிசளித்த பேனை, பெற்றவர் கையிற் பிளந்துபோவது எவ்வளவு வருத்தம் தரும்! நன்கு உலர்ந்த மரத்தையே கொள்ளுக.

அடுத்தது துளையிடுதல். துறப்பணத்தை ஒரே மூச்சில் அழுத்தினால் மரத்தூள் வெளியேற வழியின்றி அடைபட்டுச் சூடேறும். கருங்காலி போன்ற செறிந்த மரம் அச்சூட்டில் வெடித்துவிடும். சிறிது துளைத்து, வெளியே இழுத்துத் தூளை அகற்றி, மீண்டும் துளைத்தலே முறை. துறப்பணம் மறுபுறம் வெளிப்படும் இடத்தில் மரம் சிதறுவதும் உண்டு. மரத்துண்டைச் சற்று நீளமாக அறுத்து, மறுமுனையை எட்டுமுன் துளையை நிறுத்தி, அம்முனையை அறுத்து நீக்கினால் இத்தொல்லை இராது.

பித்தளையின் பளபளப்பான மேற்பரப்பிற் பசை நன்கு பிடியாது. அதனை அரத்தாளால் உரஞ்சிச் சொரசொரப்பாக்கி, பசை பூசி, சுழற்றிச் சுழற்றி உட்செலுத்துக. குழாயினுட் பசை புகாதிருக்க ஓர் எளிய உபாயம் உண்டு. உருளைக்கிழங்கு வில்லையொன்றிற் குழாயின் முனையைக் குத்தினால் கிழங்கே அடைப்பாகிவிடும்! பசை இறுகியபின் முனைகளைச் செங்கோணமாகச் சீவும்போது, பித்தளை பளிச்சிட்டதும் நிறுத்திவிட வேண்டும். மேலும் சீவினாற் குழாய் குறுகி, மைக்குழாய் உள்ளே ஒடுங்காது போகும்.

மரத்தைத் தாங்கும் மெல்லிய இரும்புத் தண்டை அளவுக்கு மீறி இறுக்குவதும் புதியவர் இயல்பு. இறுக்கம் மிகுந்தால் தண்டு வளையும். பேனையின் வட்டம் கெடும். இறுதியில் உறுப்புகளைப் பொருத்தும்போதும் பொறுமை தேவை. திருகும் உறுப்பை ஒரேயடியாக அழுத்திவிட்டால் எழுதுமுனை எப்போதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதனை மீள இழுப்பது கடினம். சிறிது சிறிதாக அழுத்தி, மைக்குழாயை இட்டு இட்டுப் பார்த்தல் நன்று.

இதுவரை கூறியவற்றால் இழப்பது மரமும் பசையுமே. கண்ணையும் விரலையும் இழந்தால் மீளப் பெறல் இயலாது. பொறி சுழலும்போது முகக்கவசம் இன்றி அருகிற் செல்லலாகாது. தொங்கும் சட்டைக்கை, சேலைத் தலைப்பு, அவிழ்ந்த கூந்தல் ஆகியன கூடவே கூடா. மெருகு பூசத் துணியைப் பயன்படுத்துவோர் உளர்; சுழலும் பேனையில் துணி சிக்கினால் விரலையும் சேர்த்து இழுத்துவிடும். மெல்லிய கடதாசியாயின் கிழிந்து விலகிவிடும். மரத்தூளும் தீங்கற்றதன்று. நம் நாட்டு முதிரையின் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுதல் அவசியம்.

முதற் கோணல் முற்றும் கோணல் என்பது இக்கைவினைக்கு மிகப் பொருந்தும். புதிதாகத் தொடங்கும் மாணவர்கள் விலையுயர்ந்த மரத்தை ஒதுக்கி வைத்து, எளிதிற் கிடைக்கும் மரத்துண்டுகளிற் பழகுக. பிளந்த பேனையை உடனே எறிந்துவிடாது, மரத்தைக் குழாயிலிருந்து பெயர்த்துப் பார்க்க. பசை எவ்விடத்திற் படவில்லை, துளை எவ்விடத்திற் கோணிற்று என்பன அங்கே தெளிவாகத் தெரியும். அடுத்த பேனைக்கு அதனினும் நல்ல ஆசிரியர் வேண்டியதில்லை.