ஜாஸ் வரலாறு எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்புக்குரியவர்களே,

உங்கள் புத்தகங்களைப் படித்துத்தான் இந்த இசைக்குள் வந்தேன். அந்த உரிமையில் என் மனத்தாங்கலைச் சொல்கிறேன்.

1946 டிசம்பரில் பென்னி குட்மன், வுடி ஹெர்மன், ஹாரி ஜேம்ஸ், டாமி டார்சி என்று பெரிய தலைகள் வரிசையாகக் குழுக்களைக் கலைத்தார்கள். பிக் பேண்ட் காலம் அதோடு முடிந்தது என்று நீங்களும் அத்தியாயத்தை முடித்துவிடுகிறீர்கள். பக்கத்தைப் புரட்டினால் சாக்ஸ் கலைஞர் சார்லி பார்க்கர் வந்துவிடுகிறார். அதற்குப் பிறகும் நடனக் கூடங்களில் வாசித்தவர்கள் என்ன ஆனார்கள்?

குழுத்தலைவர் கிளாட் தார்ன்ஹில்லையே எடுத்துக்கொள்ளுங்கள். கடற்படையிலிருந்து திரும்பி, மற்றவர்கள் கடையைக் கட்டிய அதே 1946இல் அவர் குழுவை மறுபடி திரட்டினார். அரேஞ்சர் கில் எவன்ஸ். 1947இன் கடைசி மாதங்களில் 'ஆந்த்ரபாலஜி', 'டானா லீ', 'யார்ட்பேர்ட் ஸ்வீட்' மூன்றையும் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பதிந்தார்கள். பார்க்கர் வட்டத்தில் பிறந்து, சின்னக் குழுக்கள் அனல் பறக்க வாசித்த மெட்டுகள் அவை. ஜோடிகள் ஆடுவதற்காக வாசிக்கும் குழு ஒன்று அவற்றைத் தொட்டதே பெரிய துணிச்சல். தொட்ட விதமோ அதைவிடப் பெரிது. பிரெஞ்சு ஹார்ன்களும் டியூபாவும் சேர்ந்த அந்த நாதத்தில் வைப்ராட்டோ என்ற நடுக்கமே கிடையாது; ஸ்வரங்கள் அசையாமல் நிற்கும். 'யார்ட்பேர்ட் ஸ்வீட்'டில் 20 வயது லீ கானிட்ஸ் ஆல்ட்டோ சாக்ஸை எடுக்கிறார். நாடே பார்க்கரை நகலெடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், பார்க்கரின் மெட்டையே பார்க்கரின் சாயல் இல்லாமல், மெலிந்த, குளிர்ந்த தொனியில் வாசிக்கிறார். இதைக் கேட்டுவிட்டும் அத்தியாயத்தை 1946இல் முடிக்க எப்படி மனம் வந்தது?

ரசனை மாறிவிட்டது என்பீர்கள். ரசனை மட்டுமா? அமெரிக்காவில் 1944இல் ஏற்றப்பட்ட கேளிக்கை வரியையும் எழுதுங்கள். முதலில் 30 சதவீதம், சில மாதங்களில் 20. பாட்டோ ஆட்டமோ இருந்தால் விடுதியின் பில்லோடு அந்த வரி சேரும். வெறும் வாத்தியம் என்றால் வரி இல்லை. ஆடவிடும் முதலாளிக்கு அபராதம் போட்டது போலத்தானே அது! போதாததற்கு, இசைக்கலைஞர் சங்கத் தலைவர் பெட்ரில்லோ விதித்த தடையால் 1948இல் ஏறக்குறைய ஆண்டு முழுக்க உறுப்பினர்கள் இசைத்தட்டுக்கு வாசிக்க முடியவில்லை. தார்ன்ஹில் குழு உச்சத்தில் இருந்த வேளை அது.

அதே 1948இல் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் ஒன்பது பேர் கொண்ட குழுவோடு நியூயார்க்கின் ராயல் ரூஸ்ட் விடுதியில் மேடையேறினார். கானிட்ஸ், ஜெர்ரி மல்லிகன், டியூபா வாசித்த பில் பார்பர் மூவருமே தார்ன்ஹில்லிடம் இருந்தவர்கள். எழுதிக் கொடுத்தவர்களில் எவன்ஸும் ஒருவர். அந்தக் குழுவின் நாதம் எங்கிருந்து வந்தது என்பதை மைல்ஸ் மறைத்ததே இல்லை. நீங்கள்தான் தார்ன்ஹில்லை அரை வாக்கியத்தில் கடந்துபோகிறீர்கள்.

இன்னொரு குழுத்தலைவர் பாய்ட் ரேபர்னுக்கும் இதே கதிதான். 1944இல் பாலிசேட்ஸ் பார்க் கேளிக்கைப் பூங்காவின் தீ விபத்தில் வாத்தியங்களும் இசைப்பிரதிகளும் எரிந்தபின், அரேஞ்சர் ஜார்ஜ் ஹேண்டியின் துணையோடு அவர் உருவாக்கிய இசை உங்களுக்கு விநோதம், அவ்வளவே. மல்லிகனின் அரேஞ்ச்மென்ட்களுக்கென்றே 1955இல் ஒரு முழு இசைத்தட்டைத் தந்த குழுத்தலைவர் எலியட் லாரன்ஸின் பெயரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

அடுத்த பதிப்பில் 1947க்குத் தனி அத்தியாயம் கொடுங்கள். மைல்ஸின் முன்னுரையாக அல்லாமல் தார்ன்ஹில்லை தார்ன்ஹில்லாகவே எழுதுங்கள். உங்கள் புத்தகத்தைப் பார்த்துத்தான் எதை மறுவெளியீடு செய்யலாம் என்று பலர் முடிவு செய்கிறார்கள். நீங்கள் விட்ட பெயர்கள் மறுவெளியீடுகளிலும் விடுபட்டுப்போகின்றன.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்